பஞ்சாரத்துக்குள் கறுப்பி

யுத்தத்துக்காக ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்த சமயம். காலேஜ் விடுமுறைக்குத் திருமுல்லைவாயில் வந்த எனக்குப் பொழுதே போகவில்லை. எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்தான் ஒரே வேடிக்கை. ஒல்லியான உடம்பு, கை நிறையக் கண்ணாடி வளையல். யார் திட்டினாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்லுவாள்.

தாய்வீட்டிலிருந்து அவள் ஒரு வெடைக்கோழி கொண்டுவந்திருந்தாள். இன்னும் முட்டை வைக்கத் தொடங்காத இளசு. மாமியாரின் செல்லக் கோழி கறுப்பி அதைத் தீனிப் பக்கமே அண்டவிடாமல் கொத்தி ரத்தம் வரவைத்தது.

"ஞாயித்துக்கெழமக்குள்ள சேரலன்னா கொழம்புதான்" என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

புதுக்கோழியைத்தான் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துப் பழக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். இவளோ, மாமியார் சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கறுப்பியைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டாள்! வெடை மற்றக் கோழிகளோடு நின்று நிம்மதியாகத் தவிடு தின்றது.

"இன்னாடி இது, என் கோழிய கவுத்து வெச்சிக்கீற?"

"சும்மா குந்திகினு பாக்கட்டும் அத்தே. அதுக்கும் ஓய்வு வாணாமா?"

மாமியார் முறைத்தாள். ஆனால் கூடையைத் தொடவில்லை.

ஞாயிறு காலை மருமகளே கூடையைத் தூக்கினாள். கறுப்பி பாய்ந்து வந்தது. வெடை அசையவில்லை, பதிலுக்குப் போட்டதே ஒரு கொத்து! கறுப்பி தலையைச் சிலுப்பிக்கொண்டு அதன் பக்கத்திலேயே தின்னத் தொடங்கியது. நான் தெருவில் நின்று கைதட்டினேன்.

"குழம்பு என்ன ஆச்சு?" என்று மாமியாரைக் கேட்டேன்.

"கத்திரிக்கா கீது, போ நைனா!"

அந்தப் பெண்ணுக்கு அத்தனை தைரியம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.