நைனா பாயின் காருக்கு அடியில்

நைனா பாய் இறந்துவிட்டார். பொந்தியான் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நைனா பாய்... பச்சை ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் என்றால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

நேற்றுக் காலையில் என் கூட்டாளி குமார் போன் பண்ணினான். "எந்திரிக்கவே இல்லையாம்டா. தூக்கத்துலயே போயிட்டாரு."

நான் கேட்ட முதல் கேள்வி, "காரு எங்கடா இருக்கு?"

"வீட்லதான் இருக்கும். நீ கிளம்பு, பெர்மாஸ் ஜெயாவுக்கு, உன் வீட்டுக்கே வந்து ஏத்திக்கிறேன்" என்றான் குமார்.

வெட்கமாக இருக்கிறது. நேற்றிலிருந்து அந்த ஒரு வாக்கியம்தான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்னிடமும் அதே மாடல் கார்தான் இருக்கிறது, எழுபதுகளில் வந்த ரெண்டு சீட் வண்டி. ஸ்பேர் பார்ட்ஸ் லேசில் கிடைக்காது. யாராவது காரை விற்கிறார் என்றால் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்... செத்தாலும் ஊறும் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

பாயை முதலில் பார்த்தது பழைய கார்க்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தில். ஹலோ கூட இல்லை. நேராக வந்து என் காருக்குப் பக்கத்தில் குந்தி, முன்சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பால் ஜாயிண்ட் போச்சு மச்சான். இதுலயா புள்ளைய ஏத்திக்கிட்டு வந்தீங்க?" அதற்கு அப்புறம்தான் பேர் கேட்டார்.

பால் ஜாயிண்ட் என்பது முன்சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற குமிழ் மூட்டு. பழைய காரில் அது துருப்பிடித்து இறுகிவிட்டால், கழற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

என்னுடையதை அவர் கடையின் பின்பக்கத்தில்தான் கழற்றினோம். எண்ணெய் விட்டோம், சுத்தியலால் அடித்தோம்... அசையவில்லை. பாய் சமையல்கட்டிலிருந்து கேஸ் டார்ச்சை எடுத்து வந்து சூடு காட்டினார். ரப்பர் உறை கருகிய நாற்றம் கடைக்குள் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தர் எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார்.

"என்ன பாய், மீன் தலைக்கறி அடிபிடிச்சிருச்சா?"

"அது எங்களுக்கு லா. உங்களுது சட்டியில பத்திரமா இருக்கு" என்றார் பாய், தலையைத் தூக்காமலே.

கடைசியில் ஆளுக்கொரு சுத்தியல் எடுத்து, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போட்டோம். விட்டுவிட்டது. அதிலிருந்து எந்த போல்ட் இறுகினாலும் நேராகப் பொந்தியானுக்குத்தான் ஓட்டுவேன்.

என் மகள் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாய் தினமும் சாப்பாடு கொடுத்து அனுப்பினார். அவளுக்கு ரசம் சோறு, எனக்குக் கோழி. போனில் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பிள்ளையைத்தான் விசாரித்தார்.

அவருக்கு பிரஷர் இருந்தது என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். நான் என்றைக்காவது கேட்டிருந்தால்தானே...

நேற்றுக் குமாரும் நானும் பாய் வீட்டுக்குப் போனோம். போர்ச்சில் பச்சைக் கார் ஜாக்கில் நின்றது. முன்சக்கரம் ஒன்று இல்லை. இறுக்க இறுக்க மூட்டைப் பிதுக்கிக் கழற்றுகிற கருவியைப் பால் ஜாயிண்டில் மாட்டி, இறுக்கி வைத்துவிட்டுப் பாய் படுக்கப் போயிருக்கிறார்.

உடலை எடுத்துப் போகிற ஜனாஸா வேன் உள்ளே வர வழியில்லை. பாயின் மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வேலை தெரிஞ்சவங்க. கொஞ்சம் நகர்த்திக் கொடுத்திருங்க" என்றார்.

சின்ன வேலைதான். கருவியைத் தளர்த்தி எடுத்து, நட்டை இறுக்கி, சக்கரத்தை மாட்டித் தள்ளினால் போதும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடியில் படுத்தேன். உள்ளே குர்ஆனிலிருந்து யாசின் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பேனரை வைத்தேன். தளர்த்தவில்லை... இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். கழலுமா என்று பார்க்க.

பாயின் மையத்து உள்ளே கிடக்கும்போது காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் எனக்கு ஓடிய புத்தி அதுதான்.

டமார் என்று மூட்டு விட்டது. ஓதுகிற சத்தம் நின்றுபோனது. பாய் நட்டை முழுசாக எடுக்காமல் நுனியில் விட்டு வைத்திருந்தார், அதனால் என் மூஞ்சி தப்பியது.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல். "கழண்டுருச்சா?"

பாயைக் கேட்பது போலவே கேட்டார். அப்புறம்தான் அழ ஆரம்பித்தார்.

மறுபடியும் பூட்டிச் சக்கரத்தை மாட்டினேன். குமாரும் நானும் காரை ரோட்டோரமாகத் தள்ளினோம். வேன் உள்ளே வந்தது.

அடக்கம் முடிந்து, சொல்லிக்கொள்ள வாசலுக்குப் போனோம். பாயின் மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"காலையிலேருந்து அவரு கூட்டாளிங்க நாலஞ்சு பேரு போன் பண்ணிட்டாங்கண்ணே, காரை என்ன பண்ணப் போறீங்கன்னு. மையத்து வீட்ல இருக்கும்போதே கேக்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கல."

குமார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் "உடம்பைப் பார்த்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

பாயின் மனைவியும் பேஸ்புக்கில் என் நண்பர்கள் லிஸ்டில் இருக்கிறார். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் இதைப் படிப்பார்.

தங்கச்சி, எல்லாருக்கும் முன்னால் கேட்டவன் நான்தான்.

போய் வாருங்கள் பாய்.