கையை மோந்து பாருங்கண்ணே!

கொரோனா ஓய்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. போடிநாயக்கனூரில் சின்ன மருத்துவமனை ஒன்றில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுப்போடுவது என் வேலை. இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். கை கழுவும் முறையை ஆறு படங்களாக வரைந்து, குழாய்க்கு மேலே ஒட்டியவனும் நான்தான். கொரோனா சமயத்தில் சொந்தபந்தம் அத்தனை பேரையும் நகக்கண்வரை தேய்க்கவைத்ததில், கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலை எப்போதும் காலியாகவே இருக்கும். புத்தகம் வேறு நிறைய வாசிப்பேனா, இனி எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து கணவன் மனைவி இருவரும் ஜீப்பில் வந்திருந்தார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி. கத்தி விழுந்து பாதத்தில் நல்ல காயம். சீழ் வைத்தால் காலை எடுக்கும்படி ஆகிவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதிலிருந்து அந்த அம்மாவின் கண் அந்தப் பாதத்தைவிட்டு அகலவில்லை.

கணவனும் மனைவியும் பக்கத்திலேயே காத்திருக்க, முதலில் ஒரு பெரியவரின் முதுகுக் கட்டியைப் பிதுக்கிச் சீழெடுத்துக் கட்டினேன். வெளியே நல்ல கூட்டம். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை இடது கையில் மாட்ட ஆரம்பித்தேன். உறைக்குள் இருந்த கையைக் கழுவுவது தண்ணீருக்குக் கேடு என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

"அண்ணே, கையக் கழுவலையே?" என்றார் அந்த அம்மா.

"கிளவுசு போட்டுத்தானம்மா செஞ்சேன். உள்ள ஒண்ணும் போகாது."

"நாங்களுந்தான் கிளவுசு போட்டு ஏலத்துக்கு மருந்தடிக்கிறோம். கழட்டுனதும் கைய மோந்து பாப்போம். வாடை அடிச்சா ஓட்டைன்னு அர்த்தம். கழுவாம சோத்துச் சட்டியத் தொட மாட்டோம். நீங்களும் மோந்து பாருங்கண்ணே."

கணவர் பதறிப்போனார். "ஏ, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அவ கெடக்கா விடுங்கண்ணே, நீங்க வெரசா கட்டுங்க. ஜீப்பு போயிரும்."

"ஜீப்பு போனா இன்னொரு ஜீப்பு வரும். காலு போனா வருமா?"

அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான், ஏதோ அத்தர் கடைக்கு வந்தவன்போல வலது கையை மூக்கருகே கொண்டுபோனேன். சிரிப்பைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

சீழ் நாற்றம். ஆள்காட்டி விரல் நுனியில் ஈரம். கழற்றிப் போட்ட உறையைக் கிடுக்கியால் தூக்கிப் பார்த்தேன். நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். அந்த விரலால்தான் புது உறையை முழுக்கத் தடவி மாட்டிக்கொண்டிருந்தேன். அதோடு அடுத்து அந்தப் பாதத்தைத் தொட்டிருப்பேன்.

புது உறையையும் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து நின்று, சுவரையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டவெரல விட்டுட்டீங்கண்ணே. அந்தா, படத்துல போட்டிருக்கு."

படம் வரைந்தவர் யார் என்று நான் சொல்லவில்லை. கட்டைவிரலைத் தேய்த்தேன்.

ஒன்றரை மாதம் கட்டுப்போட்டோம். சீழ் வைக்கவில்லை. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று அவர் யார் தோளையும் பிடிக்காமல் ஜீப்பில் ஏறினார். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான்தான் அவரைக் கும்பிட்டிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

இப்போது ஒவ்வொரு கட்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கழுவுகிறேன். "நான் மறந்தா நீங்க சொல்லணும்" என்று வருகிறவர்களிடமும் சொல்லிவைக்கிறேன். ஆஸ்பத்திரிக்காரனிடம் எப்படிக் கேட்பது என்று அந்த அம்மா அன்று தயங்கியிருந்தால் அந்தக் கால் போயிருக்கலாம். என் கையால்தான் போனது என்று யாருக்குமே, எனக்கும்கூட, தெரியாமலே போயிருக்கும்.