உலர்ந்தது என்று எழுதிய பாட்டில்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் நானும் ஓர் அக்காவும் ஒரே மேஜையில் முனைவர் பட்ட ஆய்வு செய்தோம். அக்கா கடற்கரை ஊர்க்காரர். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு படிக்க வந்தவர். இரண்டு பஸ் மாறி வந்தும் ஒரு நாள்கூட எனக்குப் பிந்தி வந்ததில்லை.

கோலின் குளோரைடு என்ற வெள்ளைப் பொடியை யூரியாவுடன் சேர்த்துச் சூடாக்கினால், ஆறிய பிறகும் உறையாமல் எண்ணெய் போன்ற திரவமாக நிற்கும். ஒரு மருந்துப் பொருள் தண்ணீரில் கரையும்போது எப்படி இருக்கிறது, இந்தத் திரவத்தில் எப்படி இருக்கிறது என்று அளந்து ஒப்பிடுவதுதான் எங்கள் வேலை. அந்தப் பொடி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் ஏறினாலும் திரவம் இளகி, அளவுகள் மாறிவிடும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், பொடியை உலர்த்த வேண்டியது என் முறை. உலர்த்திய தட்டைத் திறந்தபடி மேஜையில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மறுபடி உலர்த்தச் சோம்பல். அப்படியே பாட்டிலில் கொட்டி, ‘உலர்ந்தது’ என்று எழுதி ஒட்டினேன்.

அந்தப் பாட்டில் அக்காவுக்குப் போனது. எனக்கு அப்போது தண்ணீர்க் கரைசல் வேலை. மூன்று வாரம் அளந்தும் அக்காவின் அளவுகள் எதனுடனும் ஒத்துவரவில்லை. வழிகாட்டி சார் எல்லார் முன்னாலும் சொன்னார்: “வீட்டு நெனப்ப இங்கன கொண்டு வந்தா இப்படித்தான் ஆகும்.”

அக்கா என்னிடம் கேட்டார்: “ஏட்டி, பொடி நல்லா காஞ்சிருந்துதுல்லா?”

“காஞ்சிருந்துதுக்கா.”

அன்று சாயங்காலமே மீதிப் பொடியைத் தொட்டியில் கரைத்து ஊற்றிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன அக்கா திரும்பவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது. பாராட்டு விழாவில் சார் என் கவனத்தைப் புகழ்ந்தபோது தலைகுனிந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

போன வருடம் ராதாபுரம் பக்கம் அக்கா பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றிருந்தேன். அக்கா கேட்டது ஒன்றுதான்:

“சார்ட்ட சொன்னியா?”

“இல்லக்கா.”

“அப்போ என்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குத்தான் என் கை மேல சந்தேகமே கெடையாதே. அவருக்குல்லா தெரியணும்.”

மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பிள்ளைய நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றார். உடனே அக்காவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, திரும்ப வந்து ஆய்வை முடிக்கும்படி கூப்பிட்டார். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

“சொன்னதுக்கு சந்தோசம் சார். இனி வர முடியாது. வகுப்புக்கு மணி அடிச்சிட்டுது, வைக்கட்டுமா?”