உதட்டைத் தூக்கிப் பார்த்த வேலாயுதம்

கிள்ளானில் பழைய காடி வாங்கி விற்கும் வேலாயுதம், யார் சொல்வதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். விற்க வந்தவர் "ஒரே ஓனர் அண்ணே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இவர் காரின் பின்சீட்டைத் தூக்கி அடியில் விரலை விட்டு, வெள்ளத்துச் சேறு ஒட்டியிருக்கிறதா என்று மோந்து பார்ப்பார். வீட்டிலும் அப்படித்தான். மனைவி உஷாராணி வாங்கி வரும் மீன், அவர் செவுளைப் பிரித்துப் பார்க்காமல் சட்டிக்குப் போகாது.

ஜாக்கியின் கைப்பிடி தெறித்து அவருடைய மேல் முன்பற்கள் இரண்டும் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கழற்றி மாட்டும் பல்செட் போட்டிருந்தார். ஒருநாள் விலை பேசும்போது அது கழன்று பானெட்டின் மேல் விழுந்தது. வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். இனி நிரந்தரப் பல்தான் என்று அன்றே முடிவு செய்தார்.

பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டர் ஜோஆன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"அங்கிள், இப்ப எலும்புல திருகி நிறுத்துற இம்பிளாண்ட் போட்டா நிக்காது. பல்லு இல்லாம தாடை எலும்பு தேஞ்சு தகடு மாதிரி ஆயிருச்சு. மொதல்ல எலும்பு வெச்சுக் கட்டணும். அது பிடிக்க ஆறு மாசம் ஆகும்."

"எலும்பா? யாரோட எலும்பு?"

"மாட்டெலும்ப சுத்தம் பண்ணித் தூளாக்கினது இருக்கு. வேணாம்னா ஃபேக்டரில செஞ்சது இருக்கு. இல்லன்னா உங்க கடவாய்ப் பக்கத்துலருந்தே கொஞ்சம் சுரண்டி எடுக்கலாம். ஆனா ரெண்டு எடத்துல புண்ணாகும்."

மாடு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஃபேக்டரி வகையே போதும் என்றார். அந்தப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்லுப்பை நுணுக்கியதுபோல் இருந்தது. ஈறைக் கீறி, பொடியை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு மூடித் தைத்த பிறகு டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்:

"உதட்டத் தூக்கிப் பாக்காதீங்க அங்கிள். நாக்காலயும் தொடாதீங்க."

வீடு திரும்பும் ரயிலில் அந்தச் சொல்லே அவரை அரித்தது. பானெட்டைத் திறக்க வேண்டாம் என்று சொன்ன எவனும் அவருக்கு நல்ல காடி விற்றதில்லை.

"ஏன் பாக்கக் கூடாதாம்? மாட்டெலும்பத்தான் வெச்சிருப்பாங்களோ?"

"சும்மா இருங்க லா," என்றாள் கூட வந்திருந்த உஷாராணி.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது காடிக் கண்ணாடியில் பார்த்தார். சில நாட்களில் நாக்கில் ஏதோ நறநறத்தது. துப்பிப் பார்த்தால் வெள்ளைத் துகள்கள்.

"மணலு! மணல அள்ளி வெச்சிருக்காங்க!"

"அந்த டாக்டருக்கே போன் பண்ணிக் கேளுங்க."

"வித்தவங்ககிட்டயே கேட்டா என்ன சொல்லுவாங்க?"

துகள்களை டிஷ்யூவில் மடித்துக்கொண்டு, சுபாங் ஜெயாவில் வேறொரு பல் டாக்டரிடம் போனார். உஷாராணியும் கூடப் போனாள். டாக்டர் மாதவி விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார்.

"இது மணல் இல்ல அங்கிள். உங்களுக்கு வெச்ச எலும்புத் தூள்தான். தையல் பிரிஞ்சிருக்கு. உதட்டத் தூக்கிப் பாத்தீங்களா?"

"இல்லையே."

பின்னாலிருந்து உஷாராணி, "காடிக் கண்ணாடியக்கூட விட்டு வெக்கல டாக்டர்," என்றாள்.

வேலாயுதம் டிஷ்யூவை மறுபடி மடித்துப் பாக்கெட்டில் போட்டார். பிறகு மெதுவாக, "டாக்டர் ஜோஆன உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"பாத்ததே இல்ல. ஆனா தையல் நல்லாத்தான் போட்டிருக்காங்க. இழுத்தது நீங்க."

வேறு வழியில்லாமல் பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பினார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். ஜோஆன் திட்டவில்லை. இடத்தைச் சுத்தம் செய்து, ஈறு முழுதாக ஆறட்டும், மறுபடி வைக்கலாம் என்றார்.

"இந்தத் தடவ என் எலும்பையே எடுங்க," என்றார் வேலாயுதம். "அது எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ல."

ஈறு ஆறி, எலும்பை எடுத்து வைத்த பிறகு இரண்டு இடத்திலும் வலித்தது. கன்னம் வீங்கிக் கஞ்சி மட்டுமே இறங்கியது. கை பலமுறை உதட்டுக்குப் போய்த் திரும்பியது. உஷாராணி குளியலறைக் கண்ணாடியை நாளிதழ் ஒட்டி மறைத்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து ஜோஆன் புதிய எக்ஸ்ரேவைத் திரையில் காட்டினார். தகடாக இருந்த இடத்தில் வெள்ளையாகத் திரண்டிருந்தது எலும்பு. வேலாயுதம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்கு அருகில் போனார்.

"இது என்னோட படம்தானா?"

ஜோஆன் சிரித்துக்கொண்டே, படத்தின் ஓரத்தில் கோணலாக நின்ற சிங்கப்பல்லைத் தொட்டுக் காட்டினார். வேலாயுதம் தன் நாக்கால் அதே பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.