போடாமல் விட்ட கதை

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்திகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வேலை ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில். ஷிப்ட் முடிந்து வந்தால் எல்லோரும் படுத்துத் தூங்குவார்கள். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அதனாலேயே நானும் என் தோழியும் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டோம்.

எப்போதோ நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை யாரோ ஒரு புண்ணியவான் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அதில் யாரும் பேசாமல் விட்ட சிறுகதைகளைத் தேடிப் படித்து, தட்டச்சு செய்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எங்கள் முகநூல் பக்கத்தில் ஒன்று போடுவோம். எழுதியவரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்பது என் பொறுப்பு.

அந்த ஆடியில் சிக்கிய கதை என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. கல்யாணத்துக்கு முன் ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போன பெண், நாலைந்து நாளில் தனியாகத் திரும்பி வருகிறாள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மறுநாள் காலை அவள் எல்லோருக்கும் காப்பி கொடுக்கிறாள். ஒவ்வொரு டம்ளரின் அடியையும் முந்தானையால் துடைத்துத் துடைத்து நீட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. படித்து முடித்ததும் மொட்டை மாடிக்குப் போய் நடந்துகொண்டே இருந்தேன். இப்படி எழுதியவர் அதன் பிறகு எதுவுமே எழுதவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெயருக்குக் கீழே ஊரும் அச்சாகியிருந்தது. அஞ்செட்டி மலைப்பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்துக்காரி. எழுதியவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று அவள்தான் விசாரித்துச் சொன்னாள். கதை வந்ததும் முதல் ஆளாகத் தன் ஊர் குரூப்பில் போடப்போவதாக வேறு பெருமைப்பட்டாள். நேரில் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்? "நீ ஆறு மணிக்குப் போட்டுருடி. நான் போயி சம்மதம் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று தோழியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

எழுதியவர் அறுபதைத் தாண்டிய அம்மா. ராகி புடைத்துக்கொண்டிருந்தார். "உங்க கதையைப் படிச்சேம்மா" என்றதும் முகம் மலரும் என்று நினைத்தேன். அவரோ முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். "அதெல்லாம் எந்தக் காலத்துலயோங்க. இப்ப எதுக்கு?" என்றார்.

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய நாத்தனார் வந்துவிட்டார். கலகலப்பான பெண்மணி. விருந்தாளி என்றதும் தானே அடுப்படிக்குப் போய்க் காப்பி கலக்க ஆரம்பித்தார். அங்கிருந்தே குரல் வந்தது: "எங்க அண்ணி கதை எழுதுனாங்களா? என்னா கதைங்க? சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்."

எனக்குச் சொல்லவா வேண்டும்! "ஒரு பொண்ணு வீட்டை விட்டு..." என்று ஆரம்பித்தேவிட்டேன். அவர் காப்பியோடு வந்தார். நீட்டுவதற்கு முன் டம்ளரின் அடியை முந்தானையால் துடைத்தார்.

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். எழுதிய அம்மா என்னையே பார்த்தார். வாய் திறக்காமல் கெஞ்சினார்.

"...வீட்டை விட்டு வெளியூருக்கு வேலைக்குப் போகுதுங்க. பஸ்ல பையைத் தொலைச்சிருது" என்று உளறினேன்.

"அவ்ளோதானா? இதுக்கா ஓசூர்லருந்து வந்தீங்க?" என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

(டம்ளர், நாத்தனார் இரண்டையுமே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஏன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.)

பஸ் நிறுத்தம் வரை அந்த அம்மா கூட வந்தார். "மனசு தாங்காம எழுதிட்டேங்க. இங்க யாரு படிக்கப் போறாங்கன்னு ஒரு தைரியம். இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்குது. எங்க நாத்தனா மருமவ எந்நேரமும் அதையே பாத்துகினு இருக்குது. நாத்தனா வூட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க."

"போட மாட்டேம்மா" என்றேன். ஆறு மணி விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. என் கைப்பேசியில் டவர் சுத்தமாக இல்லை.

பஸ் ஏறியும் டவர் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கைப்பேசியை நீட்டினேன், எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா தெலுங்கும் தமிழுமாக விசாரித்தார். "ஆஸ்பத்திரி சமாச்சாரமா கண்ணு?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். தன் போனை எடுத்துக் கொடுத்தார். "என் சிம்முக்கு அடுத்த வளைவுல மட்டும் எடுக்கும். தாண்டுனா போயிரும்" என்றவர், கண்டக்டரிடமும் சொல்லிவிட்டார். கண்டக்டர் விசிலடிக்க, வளைவில் பஸ் நின்றது.

ஆறு மணிக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன. தோழி எடுத்தாள். "கதையைப் போடாதடி!" என்று கத்தினேன். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

"விளையாடுறியா? இத்தன வருஷத்துல இப்படியொரு கதை சிக்கலைன்னு நீதானே சொன்ன? ஏன்னு காரணம் சொல்லு" என்றாள்.

சொல்லத்தான் முடியவில்லை. சுற்றிலும் அந்தப் பக்கத்து ஆட்கள். யார் யாருக்கு உறவோ! "கதையில டம்ளர் வருதுல்ல? அந்தக் கையால காப்பி குடிச்சிட்டு வர்றேன்" என்றேன்.

  "சரிடி, போடல" என்றாள் தோழி.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு டம்ளருக்கா பஸ்ஸை நிறுத்துனே?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த ஞாயிறு எங்கள் பக்கத்தில் கதை வரவில்லை. ஊர் குரூப்பில் போடக் காத்திருந்த பெண்ணிடம் சம்மதம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். தட்டச்சு செய்த கதை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சில நாள் எடுத்துப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் மொட்டை மாடியில் நடக்கிறேன். கேட்பாரற்றுக் கிடக்கும் கதைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கதை கேட்பாரற்றுக் கிடந்ததால்தான் அந்த வீட்டில் ஒரு பெண் இத்தனை வருடம் விழுந்து விழுந்து சிரிக்க முடிந்திருக்கிறது.