களிமண்ணுக்கு வாய்த்தவர்

ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறார் விமலநாதன் அண்ணை. எலுமிச்சம்பழ அளவு வந்ததும் கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டி உருண்டையைக் கீழே விடுகிறார். அது விழுந்து முழுசாகக் கிடக்கிறது. உதிர்ந்திருந்தால் உழலாம். குனிந்து எடுத்து மஞ்சள் மேற்சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டு காருக்குத் திரும்புகிறார். இரண்டு மணிக்கு அவர் மொன்ட்ரியால்-நோரில் பள்ளிக்கூட பஸ்ஸின் சாரதி ஆசனத்தில் இருக்கவேண்டும்.

"பா ப்ரே," என்கிறார் என்னிடம். இன்னும் தயாரில்லை என்பதற்குப் பிரெஞ்சு. நிலத்தின் சொந்தக்காரர் றெனோல்ட் வாயிலிருந்து பிடித்த சொல். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி, பஸ்ஸுக்குள் எழுந்து நிற்கும் பிள்ளைகளை இருத்துவதற்கு. மீதி இந்த மண்ணுக்கு. அடுப்பில் வேகும் சோறு, மகள் வித்தியாவின் கல்யாணப் பேச்சு என்று எல்லாவற்றுக்கும் இப்போது அவரிடம் பா ப்ரேதான்.

வயது அறுபத்தொன்று. காலையில் பிள்ளைகளை இறக்கியதற்கும் பிற்பகலில் ஏற்றுவதற்கும் நடுவே நாலு மணி நேரம் கிடைக்கும். மற்றச் சாரதிகள் அதில் தூங்குவார்கள். இவர் ஏப்ரல் கடைசியிலிருந்து தினமும் ஆற்றுப் பாலம் தாண்டி ஐம்பது நிமிடம் கிழக்கே ஓடி, ஒரு உருண்டை உருட்டிவிட்டுத் திரும்புகிறார். வீட்டுச் சன்னல் விளிம்பில் அந்த உருண்டைகள் திங்கள், செவ்வாய், புதன் என்று சீட்டு ஒட்டி வரிசையாக இருக்கின்றன. "கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு வாறார். அவிக்கச் சொல்லிக் கேக்கேல்லை, அதுவே பெரிய புண்ணியம்," என்கிறார் அவருடைய மனைவி சிவநேசம் அக்கா. மற்றச் சன்னல்களை எல்லாம் தயிர்க் கோப்பைகளில் வளரும் கத்தரி, மிளகாய் நாற்றுகள் அடைத்துக்கொண்டிருப்பதால் அந்த வீட்டில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் பேப்பர் வாசிக்க முடியும்.

நிலம் மூன்று ஏக்கர். ஒரு காலத்தில் ஆளுயரப் புல் நின்ற ஆற்றோரச் சமவெளி. புல்லின் வேர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக மக்கி, வருடாவருடம் வெள்ளம் கொண்டுவந்த வண்டலோடு சேர்ந்து கறுப்பாக ஊறிப் போயிருக்கின்றன. ஆறடி தோண்டினாலும் ஒரு கல் அகப்படாது. வெயில் காலத்தில் வெடிக்கும். வெடிப்புக்குள் அண்ணையின் முழங்கை வரை போகும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து விழும். மழை வந்ததும் களி ஊதி, வெடிப்பு மூடி, விழுந்தது அடிமண்ணோடு கலந்துவிடும். "தன்னைத் தானே கொத்திக்கொள்ளுற மண். எனக்கு மிச்சம் வைக்கிற வேலை ஒண்டே ஒண்டுதான், பொறுத்துக்கொண்டு இருக்கிறது," என்கிறார்.

அந்த ஒரு வேலைதான் நம்மவர்களுக்கு வராது. இரண்டு வருடத்துக்கு முன்பு குத்தகை எழுதிய கையோடு, அக்காவின் தம்பி சாரங்கன் கோயிலுக்குப் போய் ஏர் பூட்ட நாள் குறித்து வந்துவிட்டார். நான் இதைக் கேலி செய்ய முடியாது. நான் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் அடுக்ககத்துக்குப் பால் காய்ச்சிய நேரத்தையும் என் வீட்டார் என்னைக் கேளாமல் அதே பஞ்சாங்கத்தில்தான் பார்த்தார்கள். ஆனால் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது. ஈரமாக இருந்தாலும் அது கோபிக்காது. மே நடுவில், குறித்த நேரத்தில், தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஈரக் களியில் கலப்பையை இறக்கினார்கள். புரண்ட மண் வெட்டிய அல்வாத் துண்டு மாதிரிப் பளபளத்தது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பத்து நாளில் மூன்று ஏக்கரும் செங்கல்லாக இறுகிப் போனது. நட்ட நாற்றில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அண்ணை அந்த வருடம் ஒரு பாடம் படித்தார். சாரங்கன் வேறொரு பாடம் படித்தார். கார்கள் வழி தவறியதால் அன்று ஏழு நிமிடம் பிந்தித் தொடங்கியதுதான் பிழை என்பது அவர் கட்சி.

இரண்டாம் வருடம் சாரங்கன் நாள் வைக்கவில்லை; அண்ணை உருண்டை உதிரும்வரை காத்திருந்து, ஜூன் ஒன்பதாம் தேதிதான் உழுதார். ஜூலையில் பக்கத்து மணல் தோட்டக்காரர்கள் குழாயும் கையுமாக அலைந்தபோது இவர் ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை. ஆழக் களி குடித்து வைத்திருந்ததைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கத்தரிக்காய் ஒவ்வொன்றும் கையில் கனத்தது. ஆனால் ஆற்றோரத் தாழ்நிலத்தில் பனியும் முந்தி இறங்கும். செப்டம்பரில் ஒரே விடியலில் பாதிக் காய் செடியிலேயே கறுத்துப் போயிற்று. பத்து நாள் முந்தியிருந்தால் பிழைத்திருக்கும் என்று சாரங்கன் சொன்னார். அது உண்மையும்கூட. இலையுதிர் காலத்திலேயே உழுது வைக்கலாமே என்று நான் என் பங்குக்குக் கேட்டேன். "உழலாம். பனி மண்கட்டியை உடைச்சுத் தரும். பேந்து சித்திரையிலை ஆறு ஏறி வந்து, உடைச்சதை அள்ளிக்கொண்டு போகும்," என்றார் அண்ணை. பிறகு நான் யோசனை சொல்லவில்லை.

இது மூன்றாவது வருடம், குத்தகையின் கடைசி வருடம். பக்கத்துச் சோளக்காரர் இந்த மூன்று ஏக்கரையும் தன் வயலோடு சேர்க்கக் கேட்டிருக்கிறார். இந்த முறையாவது நிலம் நிறையக் காய் நின்றால் அண்ணைக்கே தொடர்ந்து தருவதாக றெனோல்ட் சொல்லியிருக்கிறார். நின்றால்தான்.

நான் அவரோடு போனது புதன்கிழமை. அந்தச் சனிக்கிழமைக்குச் சாரங்கன் மறுபடியும் நாள் வைத்திருந்தார்: பத்து நாற்பதுக்கு மேல், பன்னிரண்டுக்குள். "அண்டைக்கும் ஈரமாத்தான் இருக்கும். சொன்னீங்களா?" என்று கேட்டேன். அண்ணை கண்ணாடியைத் துடைத்தார். இந்த நாட்டுக்கு முதலில் வந்தவர் சாரங்கன். அக்காவையும் அத்தானையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர், முதல் குளிருக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தவர், பஸ் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியவர். இருபத்தாறு வருடத்தில் மைத்துனர் சொல்லை அண்ணை ஒருமுறைகூட மறுத்ததில்லை. எனக்கு அண்ணைமேல் உண்மையிலேயே கோபம் வந்தது.

சனிக்கிழமை நாலு காரில் இருபது பேர் வந்து இறங்கினார்கள். சாரங்கனின் மனைவி சஜிதா இடியப்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணை, சாரங்கன் அன்று காலை கொடுத்த கரை வைத்த புது வேட்டியில் நின்றார். மண் மேலே சாம்பல் நிறமாகக் காய்ந்திருந்தது. அண்ணை தோண்டினார், உருட்டினார், விட்டார். உருண்டை உடையவில்லை.

"கீழ ஈரம்," என்றார், பாதிக் குரலில்.

"எப்பத்தான் அத்தான் ஈரம் இல்லை? மேல காஞ்சு கிடக்கு. நாளைக்கு மழை எண்டு போட்டிருக்கிறான். இண்டைக்கு விட்டால் பேந்து எப்ப? போன வருசம் மாதிரிப் பனிக்குக் குடுக்கவோ?"

தேங்காய் உடைந்தது. கற்பூரத்தைச் சஜிதா கையால் மறைத்துக் காத்தார். பத்து நாற்பதுக்குச் சாரங்கன், றெனோல்ட் இரவல் தந்திருந்த டிராக்டரில் ஏறி இயந்திரத்தை முடுக்கினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பழகிய கை, தயக்கமே இல்லை. தொலைபேசிகள் உயர்ந்தன.

அப்போது அண்ணை நடந்தார். டிராக்டருக்கு முன்னால் பத்து எட்டுப் போய், வயலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காய்ந்த மேல்தோல் உடைந்து அவர் இடுப்பு ஓர் அங்குலம் இறங்கியது. வேட்டிக் கரையில் கறுப்பு ஏறியது.

"என்ன அத்தான் இது! எழும்புங்கோ, நேரம் போகுது!"

"போகட்டும்."

"சனம் பாக்குது!"

"பாக்கட்டும்." பிறகு, இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, நான் அவரிடம் கேட்டதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "தம்பி, நீதான் என்னை இஞ்சை கூப்பிட்டு எடுத்தனி. உன்ரை சொல்லை நான் ஒருநாளும் தட்டினதில்லை. இண்டைக்குத் தட்டுறன். இந்த ஈரத்திலை உழுதால் மூண்டு ஏக்கரும் கல்லாப் போகும், நிலமும் கையை விட்டுப் போகும். பிந்தினால் பனி அள்ளும், தெரியும். பாதியாவது மிஞ்சும். ஏத்திறதெண்டால் எனக்கு மேலாலை ஏத்து."

சிவநேசம் அக்கா கையிலிருந்த பூசைத் தட்டத்தைக் கீழே வைத்தார். கணவர் பக்கமும் போகவில்லை, தம்பி பக்கமும் போகவில்லை. யாரோ ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாரங்கன் சுக்கானிலிருந்து கையை எடுத்தார். பின்பு இயந்திரத்தை அணைத்தார். இறங்கி, சில்லுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்து நின்றார். வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இடியப்பப் பெட்டியைத் திறந்தார்கள்.

பன்னிரண்டு கடந்த பிறகுதான் அண்ணை எழும்பப் பார்த்தார். முடியவில்லை. களி வேட்டியையும் குதிக்காலையும் கவ்விப் பிடித்திருந்தது. நானும் இன்னும் இருவரும் கிட்டப் போனோம். தலையை ஆட்டி எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"தம்பி, ஒட்டிப்போச்சு. ஒருக்கா கை தா," என்று சேறு பூசிய வலக்கையைச் சாரங்கனின் முதுகை நோக்கி நீட்டினார். சாரங்கன் திரும்பிப் பார்க்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.