டாக்டர் கேட்டது அவளிடம்

எங்கள் ஊர் புதுச்சத்திரம். மருமகள் கௌசல்யாவுக்கு நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன். மகன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டில் இருந்ததால் கூட இருந்தது நான்தான்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து, "தையல் போட்டதும் வயித்துக்கு ரெண்டு பக்கமும் ஊசி போட்டா அந்த இடம் மரத்துப் போகும், வலி குறையும். போடட்டுமாம்மா?" என்று அவளிடம் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"முதுகுல போடற ஊசியே போதுமுங்க. எம்பையன் பொறந்தப்பப் போட்டது, எனக்கு இன்னும் இடுப்பு வலிக்குதுங்க" என்றேன். இது முதுகில் போடுவதில்லை என்று அவர் விளக்கியும் நான் அசையவில்லை. அவளும் வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் ஒரு இருமலுக்கே தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு அழுதாள். மாத்திரை கொடுத்தும் திரும்பிப் படுக்க முடியவில்லை. பால் கொடுக்க அவளைத் தூக்கி உட்கார வைத்தபோது, "அந்த ஊசியப் போட்டிருக்கலாமுங்க அத்தை" என்றாள்.

போட்டிருந்தால் எவ்வளவு குறைந்திருக்குமோ, எனக்குத் தெரியாது. வலித்தது அவள் உடம்பு. பதில் சொன்னது என் வாய்.

போன வாரம் தையலைக் காட்டப் போனோம். டாக்டர் ஏதோ கேட்க, அவள் மறுபடியும் என் முகத்தைத்தான் பார்த்தாள். "உன்னையத்தான் கேக்கறாங்க சாமி, நீயே சொல்லு" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

அன்றைக்கே எழுந்து வெளியே போயிருக்கலாம்.